உங்கள் எம்.பி. எந்தப் பக்கம் வாக்களித்தார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐந்து ஆண்டு பதவியில் இருந்தவர் மறுபடி ஓட்டுக் கேட்டு வரும்போது, அவர் போட்டுத் தந்த சாலையைப் பற்றிக் கேட்கிறோம், குடிநீர்த் தொட்டியைப் பற்றிக் கேட்கிறோம். ஆனால் ஒரு எம்.பி.யின் முதல் வேலை சட்டம் இயற்றுவது. அந்த வேலையை அவர் எப்படிச் செய்தார் என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் குறைவு. எனக்கு அவைக் குறிப்புகளைப் படிக்கும் வழக்கம் பல ஆண்டுகளாக உண்டு. நண்பர்களும் தெரிந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன்.

ஒரு மசோதாவுக்கு எங்கள் எம்.பி. ஆதரவா எதிர்ப்பா என்று எங்கே பார்ப்பது?

நாடாளுமன்றத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு நாளின் நடவடிக்கையும் முழுமையாக இருக்கிறது. மக்களவைக்கும் மாநிலங்களவைக்கும் தனித்தனிப் பகுதிகள். மசோதா நிறைவேறிய தேதி தெரிந்தால் போதும், அந்த நாளின் விவாதத் தொகுப்பைத் திறந்து கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். டிவிஷன், அதாவது பெயர் பதிவாகும் வாக்கெடுப்பு நடந்திருந்தால், ஆதரித்தவர்கள், எதிர்த்தவர்கள், இரு பக்கமும் சேராதவர்கள் என்று மூன்று பட்டியல்கள் அச்சாகியிருக்கும்.

நம் ஊர்ப் பெயர்களைத் தேடும்போது கொஞ்சம் பொறுமை வேண்டும். பட்டியல் ஆங்கில எழுத்து வரிசையில் இருக்கும். தமிழ்ப் பெயரை எப்படி ஆங்கிலத்தில் எழுதுவது என்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை. இனிஷியல் முன்னால் வரலாம், பின்னால் வரலாம். ஆகவே இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் தேடிப் பாருங்கள். முதல் தேடலில் கிடைக்கவில்லை என்பதற்காக "அன்று அவர் வரவே இல்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நானே ஒரு முறை அப்படி முடிவு கட்டி, நாலு பேரிடம் சொல்லி, அப்புறம் அதே பட்டியலில் அவர் பெயரைப் பார்த்துத் திருத்திச் சொல்ல வேண்டியதாயிற்று.

பட்டியலின் அடிக்குறிப்புகளையும் விடாமல் படியுங்கள். ஒவ்வொரு உறுப்பினரின் இருக்கையிலும் பச்சை, சிவப்பு, மஞ்சள் பொத்தான்கள் உண்டு. பச்சை ஆதரவு, சிவப்பு எதிர்ப்பு, மஞ்சள் இரண்டும் இல்லை. தவறான பொத்தானை அழுத்தியவர்களும், கருவி வேலை செய்யாதவர்களும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். 2024 டிசம்பர் 17 அன்று ஒரே நாடு ஒரே தேர்தல் மசோதாவை அறிமுகம் செய்யும்போது திரையில் முதலில் வந்த கணக்கு 220-க்கு 149. சீட்டுகளையும் சேர்த்து எண்ணிய பிறகு அது 269-க்கு 198 ஆனது. செய்தியில் வரும் முதல் எண்ணிக்கையை நம்பி யாரையும் குற்றம் சொல்லக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான சான்று.

நான் தேடிய மசோதாவில் பெயர்ப் பட்டியலே இல்லை. ஏன்?

அது குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியிருக்கும். நம் நாட்டில் பெரும்பாலான மசோதாக்கள் அப்படித்தான் நிறைவேறுகின்றன. சபாநாயகர் கேட்கிறார், ஒரு பக்கம் "ஆம்" என்கிறது, மறுபக்கம் "இல்லை" என்கிறது, எந்தக் குரல் ஓங்கியது என்று அவர் அறிவிக்கிறார். யார் எந்தக் குரல் கொடுத்தார் என்பது எங்கும் எழுதப்படுவதில்லை.

ஒரு உறுப்பினர் அந்த அறிவிப்பை ஏற்காமல் டிவிஷன் கேட்டால், மக்களவை விதி 367-ன்படி வராந்தாக்களைக் காலி செய்யச் சொல்லி, மூன்றரை நிமிடம் கழித்துக் கேள்வியை மறுபடி வைக்க வேண்டும். ஆனால் டிவிஷன் தேவையில்லாமல் கேட்கப்படுகிறது என்று சபாநாயகர் கருதினால், எழுந்து நிற்கச் சொல்லித் தலையை எண்ணி முடித்துவிடலாம். அப்போதும் பெயர் பதிவாகாது.

இதன் விளைவு என்ன என்பதற்கு வேளாண் சட்டங்களைப் பாருங்கள். 2020 செப்டம்பரில் இரு அவைகளிலும் அவை குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டன, கிடைக்கவில்லை. கேட்டவர்கள் தங்கள் இருக்கையில் இல்லை என்று காரணம் சொல்லப்பட்டது. பெரும் அமளி நடந்தது, மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஓராண்டுக்கு மேல் விவசாயிகள் டில்லி எல்லையில் உட்கார்ந்திருந்தார்கள். 2021 நவம்பர் 29 அன்று அந்தச் சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன, அதுவும் குரல் வாக்கெடுப்பில். நாட்டையே உலுக்கிய மூன்று சட்டங்கள் வந்தபோதும் போனபோதும் எந்த உறுப்பினர் எந்தப் பக்கம் நின்றார் என்று ஏட்டில் ஒரு வரி கூடக் கிடையாது. எனக்கு இது மன்னிக்க முடியாத குறையாகவே படுகிறது. மசோதா வெற்றி பெறுமா தோற்குமா என்பது முன்கூட்டியே தெரிந்ததாகவே இருக்கட்டும், யார் அதற்குப் பொறுப்பு என்பது எழுதி வைக்கப்பட வேண்டும்.

அமெரிக்க அரசியலமைப்பு, அவையில் இருப்பவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் கேட்டாலே பெயர்வாரியாகப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. பிரிட்டன் மக்களவை தன் வாக்குப் பட்டியல்களை 1836 முதல் வெளியிட்டு வருகிறது. பொத்தானும் திரையும் இல்லாத காலத்திலேயே அது முடிந்திருக்கிறது.

எந்த வாக்கெடுப்பில் பெயர் கட்டாயம் இருக்கும்?

அரசியலமைப்புத் திருத்தங்களில் இருக்கும். பிரிவு 368-ன்படி அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் தேவை என்பதால் எண்ணாமல் முடியாது. அதனால்தான் 2019 ஜனவரியில் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 விழுக்காடு இடஒதுக்கீடு மக்களவையில் 323-க்கு 3 என்றும், 2023 செப்டம்பரில் மகளிர் இடஒதுக்கீடு 454-க்கு 2 என்றும் நம்மால் துல்லியமாகச் சொல்ல முடிகிறது. அது தவிர, நம்பிக்கை வாக்கெடுப்பு இழுபறியாக இருந்தால் டிவிஷன் நடக்கும்.

கொறடா உத்தரவு போட்டால் எல்லாரும் கட்சி சொன்னபடிதானே வாக்களிக்கிறார்கள்? அப்புறம் தனி உறுப்பினரின் வாக்கைப் பார்த்து என்ன பயன்?

இது நியாயமான கேள்வி. 1985-ல் வந்த 52-ஆவது திருத்தம், கட்சித் தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணையை அரசியலமைப்பில் சேர்த்தது. கட்சியின் கட்டளைக்கு மாறாக வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் விட்டாலோ, பதினைந்து நாளுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால் பதவி போகும். ஆகவே கட்சி வரிசையில் நின்று அழுத்திய ஒரு பச்சைப் பொத்தானை வைத்து அந்த மனிதரின் மனச்சாட்சியை எடை போட முடியாது. அதை முதலில் கட்சியின் வாக்காகப் படிக்க வேண்டும்.

ஆனால் உறுப்பினரின் பொறுப்பு அதோடு தீர்ந்துவிடவில்லை. கொறடா வாக்கைக் கட்டிப்போடுகிறார், வாயை அவ்வளவு இறுக்கமாகக் கட்டிப்போட முடிவதில்லை. விவாதத்தில் அவர் எழுந்து பேசினாரா, தன் கட்சி கொண்டுவந்த மசோதாவாக இருந்தாலும் தொகுதியைப் பாதிக்கும் ஒரு பிரிவை மாற்றச் சொன்னாரா, மசோதாக்களை ஆராயும் நிலைக்குழுவில் மாற்றுக் கருத்து எழுதிக் கொடுத்தாரா? இவை எல்லாமே ஏட்டில் இருக்கும். இந்த இடங்களில் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, ஊருக்கு வந்து "என் கை கட்டப்பட்டிருந்தது" என்று சொல்பவரை நான் ஏற்பதில்லை.

மீறியவர்களும் உண்டு. 1999 ஏப்ரல் 17 அன்று, அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்ட பின் வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என ஒரே வாக்கில் கவிழ்ந்தது. அன்று காஷ்மீரின் தேசிய மாநாட்டுக் கட்சியைச் சேர்ந்த சைஃபுதீன் சோஸ் தன் கட்சி சொன்னதற்கு மாறாக அரசை எதிர்த்து வாக்களித்தார். கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். சரியா தவறா என்பது வேறு விவாதம். அவர் என்ன செய்தார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, ஏனென்றால் அது பதிவாகியிருக்கிறது.

ஆட்சியின் ஆயுளைத் தீர்மானிக்கும் வாக்கெடுப்புக்கு மட்டும் தகுதிநீக்கத்தை வைத்துக்கொண்டு மற்றதில் உறுப்பினர்களை விட்டுவிடலாம் என்று 1990-லேயே தேர்தல் சீர்திருத்தம் பற்றி ஆராய்ந்த தினேஷ் கோஸ்வாமி குழு சொன்னது. 1999-ல் சட்ட ஆணையமும் ஏறக்குறைய அதையே சொன்னது. இரண்டும் பரிந்துரையாகவே நிற்கின்றன.

வெளிநடப்பு செய்தால் அதை எதிர்ப்பாக எடுத்துக்கொள்ளலாமா?

கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். சாதாரண மசோதாவில் வந்து வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல் கிடைத்தால் போதும். ஆகவே எதிர்ப்பவர் வெளியே போனால், மசோதாவைத் தோற்கடிக்கும் எதிர்ப்பு வாக்குகளில் ஒன்று குறைகிறது. போகும் திசையைவிட, போவதால் யாருக்கு லாபம் என்பதுதான் முக்கியம்.

2012 டிசம்பர் 5 அன்று சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டை எதிர்த்து பா.ஜ.க. கொண்டுவந்த தீர்மானம் மக்களவையில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 218, எதிர்ப்பு 253. மன்மோகன் சிங் அரசு தப்பியது. அந்நிய முதலீட்டைக் கடுமையாக எதிர்த்துப் பேசிய சமாஜ்வாதி கட்சியும் பகுஜன் சமாஜ் கட்சியும் வாக்கெடுப்பின்போது வெளிநடப்பு செய்தன. இரண்டு கட்சிக்கும் சேர்த்து 43 உறுப்பினர்கள். அவர்கள் இருந்து தீர்மானத்தை ஆதரித்திருந்தால் 261 ஆகியிருக்கும். அன்றைய பேச்சை மட்டும் படித்தால் அவர்கள் எதிர்ப்பாளர்கள். கணக்கைப் படித்தால் அரசைக் காப்பாற்றியவர்கள்.

மறுபக்கமும் உண்டு. எண்ணிக்கையால் எதுவும் மாறாது என்று தெரிந்த இடத்தில் வெளிநடப்பு ஒரு கண்டனம்தான். 10 விழுக்காடு இடஒதுக்கீட்டின்போது மக்களவையில் அ.தி.மு.க. சார்பில் தம்பிதுரை எதிர்த்துப் பேசினார், கட்சி வெளிநடப்பு செய்தது. 323 பேர் ஆதரித்த அவையில் அது முடிவை மாற்றியிருக்காது. இருந்தாலும் எதிர்ப்பவர் உள்ளே இருந்து சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதே என் எண்ணம். வெளியே போனவரின் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது. நாளை ஒரு பேரன் தேடிப் பார்த்தால், அவர் அன்று ஊரில் இல்லாதவருக்குச் சமம்.

பேச்சு ஒன்றாகவும் வாக்கு வேறாகவும் இருந்தால் எதை நம்புவது?

இரண்டையும் தேதியோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். தமிழ்நாட்டுக் கட்சிகளிலிருந்தே சொல்கிறேன்.

குடியுரிமைத் திருத்த மசோதா 2019 டிசம்பர் 11 அன்று மாநிலங்களவையில் 125-க்கு 105 என்று நிறைவேறியது. அ.தி.மு.க.வின் 11 உறுப்பினர்கள் ஆதரித்து வாக்களித்தார்கள். அந்த 11 மறுபக்கம் போயிருந்தால் 114-க்கு 116. மசோதா அன்றே தோற்றிருக்கும். 2021 சட்டமன்றத் தேர்தல் அறிக்கையில் அதே கட்சி, அந்தச் சட்டத்தைக் கைவிட மத்திய அரசை வலியுறுத்துவோம் என்றது. அறிக்கை வந்தபோது எத்தனை பேர் 2019-ன் பட்டியலைத் திறந்து பார்த்தார்கள்?

இப்போது தி.மு.க.வைப் பார்ப்போம். மேலே சொன்ன 2012 வாக்கெடுப்பில், அந்நிய முதலீட்டை ஏற்கவில்லை என்றாலும் மதவாத சக்திகளுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதால் அரசுடன் நிற்கிறோம் என்று கருணாநிதி அறிவித்தார். கட்சியின் 18 மக்களவை உறுப்பினர்கள் அரசின் பக்கம் இருந்தார்கள். கொள்கைக்கு எதிரான வாக்கு என்று சொல்லலாம், சொல்ல வேண்டும். ஆனால் ஒரு வித்தியாசத்தையும் கவனிக்கிறேன்: காரணம் வாக்கெடுப்புக்கு முன்பே வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. அதை ஏற்பதும் மறுப்பதும் நம் கையில் இருக்கிறது.

காங்கிரசும் விலக்கல்ல. 2019 ஆகஸ்ட் 2 அன்று சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத் திருத்தத்தை மாநிலங்களவையில் ப.சிதம்பரம் கடுமையாக விமர்சித்தார். தனி மனிதரைப் பயங்கரவாதி என்று அறிவிக்கும் அதிகாரம் ஆபத்து என்று வாதிட்டார். கடைசியில் கட்சி ஆதரித்தே வாக்களித்தது. 147-க்கு 42.

இன்னொரு வகை, பேச்சு மட்டும் மிஞ்சி வாக்கு மிஞ்சாத வகை. வேளாண் மசோதாக்களை அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி ஆதரித்து அறிக்கை வெளியிட்டார். அதே நேரத்தில் மாநிலங்களவையில் அவர் கட்சியின் எஸ்.ஆர்.பாலசுப்பிரமணியம் அவற்றைக் குறை சொல்லிப் பேசினார். வாக்கு குரலோடு போய்விட்டதால், அந்த உறுப்பினர் கடைசியில் என்ன செய்தார் என்பதற்கு ஏடு பதில் சொல்லாது.

என்னைக் கேட்டால், பேச்சு ஒருவர் எதை விரும்புகிறார் என்பதைக் காட்டும், வாக்கு எதற்கு விலை கொடுக்கத் தயாராக இருந்தார் என்பதைக் காட்டும். முரண்பாடு இருந்தால் உடனே ஏமாற்று என்று சொல்லாமல், அவர் அதை விளக்கியிருக்கிறாரா என்று தேடுங்கள். விளக்கமே இல்லாமல் இரண்டு மேடையில் இரண்டு குரலில் பேசுவதைத்தான் நான் குற்றமாக எண்ணுகிறேன்.

இறுதி வாக்கெடுப்பை மட்டும் பார்த்தால் போதாதா?

போதாது. மசோதா நிறைவேறும் முன் திருத்தங்களும், அதை ஆராயும்படி உறுப்பினர்கள் கொண்ட தேர்வுக் குழுவுக்கு அனுப்பும் தீர்மானமும் வரும். உண்மையான மோதல் பல நேரம் அங்கேதான் நடக்கிறது. குடியுரிமை மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பலாம் என்ற தீர்மானம் 99-க்கு 124 என்று தோற்றது. "நான் மசோதாவை எதிர்க்கவில்லை, இன்னும் ஆராய வேண்டும் என்றுதான் சொன்னேன்" என்று ஒருவர் சொன்னால், அந்தத் தீர்மானத்தில் அவர் எந்தப் பக்கம் இருந்தார் என்று பாருங்கள்.

அதேபோல, ஒரு எதிர்ப்பு வாக்கின் காரணம் எண்ணில் தெரியாது. மகளிர் இடஒதுக்கீட்டை எதிர்த்த இருவர் ஏ.ஐ.எம்.ஐ.எம். கட்சியின் அசதுதீன் ஒவைசியும் இம்தியாஸ் ஜலீலும். பெண்களுக்கு இடமே கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. பிற்படுத்தப்பட்ட, முஸ்லிம் பெண்களுக்கு உள்ஒதுக்கீடு இல்லை என்பதே அவர்கள் சொன்ன காரணம். எண்ணை மட்டும் பார்த்திருந்தால் அவர்களைத் தவறாகப் புரிந்துகொண்டிருப்போம்.

கருத்தை மாற்றிக்கொள்வது குற்றமா?

இல்லை. சொல்லிவிட்டு மாற்றிக்கொண்டால் அது அரசியலில் நேர்மையான காரியங்களில் ஒன்று. அண்ணா 1962-ல் மாநிலங்களவையில் ஆற்றிய முதல் உரையிலேயே திராவிட நாடு கோரிக்கையை முன்வைத்தார். 1963-ல் பிரிவினை பேசுவோரைத் தேர்தலிலிருந்து விலக்கும் 16-ஆவது திருத்தம் வந்தது. அதை அவையில் எதிர்த்துப் பேசினார். சட்டமானபின் கட்சி கோரிக்கையைக் கைவிட்டது. கோரிக்கையை விட்டாலும் அதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்று அவர் சொன்னதைத் தமிழ்நாட்டில் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த முடிவோடு உடன்படாதவர்களும் உண்டு. ஆனால் எது மாறியது, எது மாறவில்லை, ஏன் என்பதெல்லாம் பொதுவில் சொல்லப்பட்டது. இன்று ஒருவர் நிலை மாறினால் நாம் தேட வேண்டியதும் அந்த மூன்று விவரங்களைத்தான்.

வாட்ஸ்அப்பில் வரும் துண்டு வீடியோவை நம்பலாமா?

அதை ஒரு தடயமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தேதியைக் கண்டுபிடித்து முழு உரையைப் படியுங்கள். நாற்பது விநாடித் துண்டில் "இந்தச் சட்டம் தேவை" என்று முழங்குபவர், அடுத்த வாக்கியத்தில் "என்று அமைச்சர் சொல்கிறார், ஆனால்" என்று தொடங்கியிருக்கலாம். சன்சத் டி.வி.யின் முழுப் பதிவுகளும் கிடைக்கின்றன. தமிழில் பேசிய உறுப்பினரின் உரை அச்சில் ஆங்கில மொழிபெயர்ப்பாக வரலாம். அப்படியானால் வீடியோவைக் கேட்டு அசல் சொற்களைச் சரிபார்ப்பது நல்லது, மொழிபெயர்ப்பில் காரமும் போகும், சில நேரம் பொருளும் போகும்.

அச்சில் நட்சத்திரக் குறிகள் வந்தால் அந்தச் சொற்கள் நீக்கப்பட்டவை. மக்களவை விதி 380 அவைக்குறிப்பிலிருந்து நீக்கும் அதிகாரத்தைச் சபாநாயகருக்குத் தருகிறது. நீக்கப்பட்டதை வெளியிடுவது உரிமை மீறல் பிரச்சினையாகலாம், கவனம்.

இன்னொரு வேறுபாடும் முக்கியம். அவைக்குள் பேசிய பேச்சுக்கும் போட்ட வாக்குக்கும் நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது, அரசியலமைப்பின் பிரிவு 105 அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. சட்டமன்றத்துக்குப் பிரிவு 194. அதே வாக்கியத்தைத் தெருமுனைக் கூட்டத்தில் சொன்னால் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒருவர் அவைக்குள் மட்டுமே ஒரு குற்றச்சாட்டைச் சொல்கிறார், வெளியே வந்ததும் அடக்கி வாசிக்கிறார் என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பணம் வாங்கிக்கொண்டு வாக்களித்தாலும் அந்தப் பாதுகாப்பு உண்டா?

ஒரு காலத்தில் இருந்தது. 1993-ல் நரசிம்ம ராவ் அரசுக்கு எதிரான நம்பிக்கையில்லாத் தீர்மானம் 251-க்கு 265 என்று தோற்றது. பணம் வாங்கிக்கொண்டு வாக்களித்ததாக ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா உறுப்பினர்கள் மேல் வந்த வழக்கில், வாக்களித்தவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1998-ல் சொல்லிவிட்டது. 26 ஆண்டு கழித்து, 2024 மார்ச் 4 அன்று சீதா சோரன் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு அதைத் தூக்கி எறிந்தது. லஞ்சம் வாங்கிய கணத்திலேயே குற்றம் முடிந்துவிடுகிறது. இந்தத் தீர்ப்பைப் படித்த நாள் எனக்கு நல்ல நாளாக இருந்தது.

வருகைப் பதிவு, கேட்ட கேள்விகளின் எண்ணிக்கை, இவற்றை வைத்து நல்ல எம்.பி. யார் என்று சொல்லலாமா?

பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு அமைப்பு ஒவ்வொரு எம்.பி.யின் வருகை, விவாதங்கள், கேள்விகள், தனிநபர் மசோதாக்கள் (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவருபவை) ஆகியவற்றைத் தொகுத்து வெளியிடுகிறது. பயனுள்ள வேலை. ஆனால் வருகை என்பது பதிவேட்டில் வருகையைக் குறித்ததற்கான சான்று, அவர் மாலை வரை உட்கார்ந்திருந்தார் என்பதற்கல்ல. அமைச்சர்கள் வருகையைப் பதிவதில்லை, கேள்வியும் கேட்பதில்லை, ஆகவே அவர்களுக்குப் பூஜ்ஜியம் என்று கேலி செய்வது அறியாமை.

கேள்விகளின் எண்ணிக்கையை விடத் தரத்தைப் பாருங்கள். எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கீடு என்ற ஒரே அச்சில் வார்த்த கேள்வியை இருபது அமைச்சகங்களுக்கு அனுப்பினால் எண்ணிக்கை ஏறிவிடும். தன் தொகுதியின் ஒரு ரயில்வே மேம்பாலத்தைப் பற்றி ஆண்டுதோறும் விடாமல் கேட்டு, முந்தைய பதிலை நினைவுபடுத்தி மடக்குபவர் எண்ணிக்கையில் பின்தங்கலாம். நான் இரண்டாமவருக்கே ஓட்டுப் போடுவேன்.

எண்ணில் அடங்காத சாதனைக்கு ஓர் எடுத்துக்காட்டு: திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமைகளுக்கான தனிநபர் மசோதாவை 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை நிறைவேற்றியது. சுதந்திர இந்தியாவில் தனிநபர் மசோதா சட்டமானது 14 முறைதான், கடைசியாக 1970-ல். சிவாவின் மசோதாவும் சட்டமாகவில்லை. பி.ஆர்.எஸ். பட்டியலில் இது ஒன்று என்ற எண்ணாக மட்டும் தெரியும்.

எம்.எல்.ஏ.வுக்கும் இதே வழிதானா?

வழி ஒன்றுதான், தடம் குறைவு. சட்டமன்றத்தில் பெயர்வாரி வாக்கெடுப்பு மிக அரிது. தமிழ்நாட்டில் பலருக்கு நினைவிருப்பது 2017 பிப்ரவரி 18, எடப்பாடி பழனிசாமி அரசின் நம்பிக்கை வாக்கெடுப்பு: ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்ற கோரிக்கையைப் பேரவைத் தலைவர் தனபால் ஏற்கவில்லை. அமளி, தி.மு.க.வினர் வெளியேற்றம், அப்புறம் பகுதி பகுதியாக உறுப்பினர்களை எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார்கள். 122-க்கு 11. ஓ.பன்னீர்செல்வம் அணியினர்தான் அந்த 11 பேர்.

மற்ற நாட்களில் எம்.எல்.ஏ.வைத் தெரிந்துகொள்ள மானியக் கோரிக்கை விவாதங்களை, அதாவது துறைவாரியாக நிதி ஒதுக்கும் விவாதங்களைப் படியுங்கள், கேள்வி நேரத்தின் துணை வினாக்களையும் பாருங்கள். அங்கே தொகுதிப் பாலம், பேருந்து நிலையம், ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாம் வரும். பாதி நேரம் தலைவரைப் புகழ்ந்துவிட்டு மணி அடித்ததும் கோரிக்கையை அவசரமாகச் சொல்பவர் யார், நேரே விஷயத்துக்கு வருபவர் யார் என்று இரண்டு கூட்டத்தொடரில் புரிந்துவிடும். தமிழிலேயே இருப்பதால் படிக்கவும் எளிது.

ரகசிய வாக்கு எங்கே உண்டு?

குடியரசுத் தலைவர், துணைத் தலைவர் தேர்தலில். அதற்குக் கொறடா உத்தரவும் கிடையாது. மாநிலங்களவைத் தேர்தலில் எம்.எல்.ஏ.க்கள் 2003 முதல் வெளிப்படையாக, கட்சி முகவருக்குக் காட்டிவிட்டுத்தான் போடுகிறார்கள்.

எங்கள் எம்.பி.யிடமே நேராகக் கேட்கலாமா? பதில் வருமா?

கேளுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் உங்களுக்கு முக்கியமான நாலைந்து விஷயங்களை எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் அவர் வெளியே சொன்னது, அவையில் பேசியது, வாக்களித்தது, மூன்றையும் தேதியோடு குறியுங்கள். காலியாக இருக்கும் கட்டங்களே உங்கள் கேள்விகள்.

கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். "நீங்கள் ஏன் மக்களை ஏமாற்றினீர்கள்" என்று தொடங்கினால் உதவியாளர் அங்கேயே மடித்து வைத்துவிடுவார். "இந்தத் தேதியில் இந்த மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது, பெயர்ப் பட்டியல் இல்லை. ஐயா ஆதரித்தீர்களா, எதிர்த்தீர்களா, அவையில் இருந்தீர்களா என்று தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதுங்கள். நான் இப்படி எழுதிய கடிதங்களில் சிலவற்றுக்குப் பதில் வந்தது, பலவற்றுக்கு வரவில்லை. ஒரு முறை ஓர் உறுப்பினரின் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் பேசிய இளைஞர், "சார், இதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை, ஐயாவிடமே கேட்டுச் சொல்கிறேன்" என்றார். நாலு நாள் கழித்துச் சொல்லவும் செய்தார். அந்தத் தேதியில் ஐயா தொகுதியில் ஒரு திருமணத்தில் இருந்திருக்கிறார்.

அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். அடுத்த கூட்டத்தொடரில் அதே துறையின் மசோதா வந்தபோது அவர் அவையில் இருந்தார், பேசினார். என் கடிதத்தால் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கட்டம் இப்போது காலியாக இல்லை.